எடையைக் கேட்டோம், வயிற்றைக் கேட்கவில்லை

போன சித்திரையில் பாலக்கோட்டில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் உட்காரப் போன என் மகளைப் பார்த்து உறவுக்கார அம்மா ஒருவர், "என்ன கண்ணு, இப்படி ஊதிட்டே! வயிறு வேற முன்னாடி தள்ளுது. பத்தாவது முடிக்கிறதுக்குள்ள உங்கம்மாவையே மிஞ்சிடுவ போலிருக்கே!" என்றார். சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

அன்று அவள் ஒரு கரண்டி சோற்றோடு எழுந்துவிட்டாள். பாயசத்தைத் தொடவில்லை. நானாவது சும்மா இருந்தேனா? அடுத்த வாரமே தெரிந்தவர் ஒருவர் மூலமாக, ஊளைச்சதையைக் குறைக்கும் மூலிகைப் பொடி என்று ஒரு டப்பா வாங்கினேன். ராத்திரி வெந்நீரில் ஒரு ஸ்பூன். மூன்றே வாரத்தில் இரண்டரை கிலோ குறைந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டம்மாவுக்கும் அந்தப் பொடியைச் சிபாரிசு செய்தேன்!

நாலாவது வாரம் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்துவிட்டாள். கால் கெண்டைச்சதை இழுத்துப் பிடித்துக்கொண்டு துடித்தாளாம். ஓடினேன். அரசு ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். டப்பாவின் மேலே எழுதியிருந்ததைப் படித்த டாக்டரம்மா, "இதுல முக்கியச் சரக்கு நிலாவரை. பேதி மருந்தும்மா. உங்க பொண்ணுக்குக் குறைஞ்சது கொழுப்பு இல்லை, தண்ணியும் உப்பும்" என்றார்.

பிறகு என் மகளிடம் திரும்பி, "இந்தப் பொடி சாப்பிடறதுக்கு முன்னாடி எத்தனை நாளைக்கு ஒருதரம் வெளிக்குப் போவே?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "வாரத்துக்கு ரெண்டு தடவை. எட்டாவதுல இருந்தே அப்படித்தான்."

இரண்டு வருஷம்! அவள் தலையில் பேன் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறாளா, மார்க் என்ன என்று எல்லாம் பார்த்த எனக்கு இது தெரியவில்லை.

டாக்டரம்மா அவளுடைய உயரத்தையும் எடையையும் பார்த்தார். 154 சென்டிமீட்டர், பொடிக்கு முன்னால் 48 கிலோ. 5 வயது முதல் 18 வரையுள்ள பிள்ளைகளுக்கென்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை ஒன்று உண்டு. அதில் புள்ளி வைத்துக் காட்டினார். எடை சரியான அளவில்தான் இருந்தது. "பெரியவங்க கணக்கை வெச்சுப் பிள்ளைகளை அளக்கக் கூடாதும்மா. பெரியவளானப்புறம் ஆகிற எடையில பாதி இந்த வயசு வளர்ச்சியிலதான் சேருது. பொம்பளைப் பிள்ளைக்கு இடுப்பிலயும் தொடையிலயும் சதை போடறது இயற்கை" என்றார். அப்படியானால் அந்த வயிறு? தேங்கிய மலமும் வாயுவும்தான். ஊரெல்லாம் பார்த்துச் சிரித்த தொப்பை அதுதான்!

எப்படி இந்த நிலைக்கு வந்தாள் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். பஸ் ஏழேகாலுக்கு. அதை விட்டால் முதல் பீரியட் போச்சு. எழுந்து, குளித்து, ஜடை பின்னி, அரை டம்ளர் காபியோடு ஓடுவாள். வயிற்றில் ஆகாரம் விழுந்த கொஞ்ச நேரத்தில் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும். காலையில் அந்த அசைவுக்கு வேகம் அதிகம். சாப்பிடாமல் ஓடுகிறவளுக்கு அந்த உந்துதல் எப்படி வரும்? வந்தாலும் பஸ்ஸில் நிற்கும்போது வரும். அடக்குவாள். பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் அங்கே போகவே மாட்டாள், போக வேண்டாமென்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். சாயங்காலம் ஐந்தரை வரை அப்படியே. அடக்க அடக்கக் குடல் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், மலம் இறுகிவிடும். மறுபடி போகும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து மேலும் அடக்குவாள். நாளாக நாளாகக் குடலின் கடைசிப் பகுதி விரிந்து, நிறைந்திருப்பதே அதற்கு உறைக்காமல் போய்விடுமாம்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. மலத்தை இளக்குகிற மருந்தை டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்து, சில மாதம் விடாமல் சாப்பிடச் சொன்னார். ஆறு மணிக்குக் காலை ஆகாரம். பிறகு வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிஷம் கழிப்பறையில் உட்காருவது. செல்போன் கையில் இல்லாமல்! இதற்காக நான் நாலரைக்கு எழுந்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்வானேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆயா காலத்தில் இந்தப் பக்கத்தில் காலையில் கூழ், மத்தியானம் களி, தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளோ. அரிசிச் சோறு பண்டிகைக்குத்தான். நாங்கள்தான் நாகரிகம் என்று மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றுக்கும் இட்லிக்கும் வந்தோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் வருஷத்துப் பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்கு மேல். நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் 2023-ல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தபோது, அதை மாட்டுக்குக் கூழ் காய்ச்சியவள் நான்!

இங்கேயும் ஒரு தப்புச் செய்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேகத்தில் மூன்று வேளையும் களி, கொள்ளு, கீரை என்று திணித்தேன். வயிறு உப்பி இரண்டு நாள் பிள்ளை சுருண்டு படுத்துவிட்டாள். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், கூடவே தண்ணீரையும் கூட்ட வேண்டும். இப்போது காலையில் கேழ்வரகு அடை அல்லது மோர் விட்ட கூழ், மாலையில் ஒரு கொய்யா. மத்தியானம் டிபன் பாக்ஸில் சோறுதான். களி கொண்டுபோனால் கேலி செய்கிறார்களாம். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் என்றதும் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க உதவாது. பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு வலியும் நாம் பார்த்துப் பழகியவை. ஆனால் பசியில்லாமை, குமட்டல், வயிற்று உப்புசம், மலச்சிக்கல் இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று டில்லியில் டாக்டர் ஏ.கே. சுசீலா போன்றவர்கள் பல வருஷம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். என் மகளுக்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நானும் இருந்தவள்தான். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடும். இப்போது குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரை இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்துவிடுகிறேன். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர்.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிச் சிலர் கேட்கிறீர்கள். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். சிலருக்குக் கொஞ்சம் இறுகும். அதற்காகக் குப்பையில் போட விடாதீர்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், கூடவே டீ காபி வேண்டாம், அவ்வளவுதான்.

மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்புகிற வயிற்று வலி, ஓயாத வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, உயரமாகாமல் நின்றுபோவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், டாக்டரிடம் போங்கள். மலச்சிக்கலோடு எடையும் கூடி, எப்போதும் சோர்வும் குளிரும் இருந்தால் தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம். எங்களுக்கும் எடுத்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கியிருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நான் அதுவரை போனதே இல்லை. போனேன். இந்த விஷயத்தை நாலு ஆம்பிளைகள் நடுவில் எப்படிப் பேசுவது என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "சொல்லுங்கக்கா, எங்க வீட்டுப் பொண்ணும் அடக்கிக்கிட்டுத்தான் வருது" என்றார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர். அந்த மாதமே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். வாளியும் குவளையும் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை.