அதான் மக இருக்காளே!

அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டதாம். நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையாம்.

சொன்னவர் என் மதினி. ஆடிப்பூரத் தேர் பார்க்க சென்னையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவர், போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா, இப்படியா போட்டு வைக்கிறது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வந்து பாத்திருப்போம்ல?" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மதினி பேசியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தத் தலையாட்டலைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு வார்த்தையா? மூன்று வருஷத்துக்கு மேலாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? தோல் சிவந்தபோதே போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அண்ணன் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினார். துபாயில் இருக்கிற தம்பி 'டேக் கேர் அம்மா' என்று எழுதினான். யாரை டேக் கேர் பண்ணச் சொல்கிறான், அம்மா என்ன போனா பார்க்கிறாள்? கொஞ்ச நேரத்தில் மதினி யாரோ வீட்டு வளைகாப்பு வீடியோவைப் போட்டார். அம்மாவின் சிவந்த தோல் மேலே ஏறிக் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? பக்கவாதத்தில் விழுந்த உடம்பு தானாகப் புரளாது. ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் அங்கே தோலுக்கு ரத்தம் போகாது. வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் என்று எலும்பு முட்டிக்கொண்டிருக்கிற இடமெல்லாம் முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழியும். டயபரின் ஈரம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சர்க்கரை உள்ள உடம்பென்றால் வந்தது லேசில் ஆறாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் மட்டுமல்ல. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. அம்மா என்னைவிடக் கனம். வெறுங்கையால் இழுத்தால் தோல் உரசிக் கிழியும் என்பதால் அடியில் விரித்த துணியோடு சேர்த்துத் தூக்கித் திருப்ப வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மோட்டாரில் ஓடுகிற காற்றுப் படுக்கையும் வாங்கிப் போட்டோம். கரண்டு போனால் அது மெல்ல மெல்ல இறங்கிவிடும். அம்மா பலகையில் கிடப்பாள். கரண்டு போன ராத்திரிகளில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கியதில்லை.

இதையெல்லாம் நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. வீடு தேடி வந்த செவிலியர் சொல்லித்தந்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கியதில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வந்துவிடுகின்றன. கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கவும் ஆள் வருகிறார்கள். அரசாங்கமே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன்தான் வரவில்லை.

வந்தபோதும் என்ன செய்தார்? தேர் முடிந்து கிளம்புகிற அன்று, ஆபீஸில் கொடுக்கக் கிலோக் கணக்கில் வாங்கி அடுக்கியிருந்த பால்கோவாவில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து அம்மாவுக்கு ஊட்டினார். வேண்டாம் என்றேன். "ஒரு வாய்தானம்மா, ஆசப்படுதாள்ல" என்றார். ஒரு வாயா அது? மதினி படம் பிடிக்கப் பிடிக்க ஊட்டிக்கொண்டே இருந்தார். அம்மா கண்ணில் தண்ணீர். அன்றைக்கு ராத்திரியே படம் ஸ்டேட்டஸில் வந்தது, அடியில் தாயின் பெருமை சொல்லும் பொன்மொழியோடு. மறுநாள் காலை விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது. அந்நேரம் அவர்கள் தாம்பரம் தாண்டி வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஊட்டினவர் பாசக்கார மகன். தடுத்தவள் கல்நெஞ்சுக்காரி. இத்தனைக்கும் தினமும் ஊட்டுகிறவள் நான். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும்; படுத்தபடி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அதை யாரும் படம் பிடிக்க மாட்டார்கள்.

என்னை அதிகமாக அறுப்பது அண்ணனும் இல்லை, மதினியும் இல்லை. அம்மாதான். பார்க்க வருகிறவர்களிடம் குழறிக் குழறி அவள் சொல்கிற ஒரே பெருமை, "எம் மகன் அனுப்புதான்" என்பதுதான். தம்பி மாதம் ஐயாயிரம் அனுப்புகிறான், இல்லை என்று சொல்லவில்லை. டயபருக்கும் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப்புக்கும் புண்ணுக்குக் கட்டுகிற மருந்துக்குமே அது காணாது. மீதி எங்கிருந்து வருகிறது என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மூத்திரத்துக்கு. அண்ணன் பெயரைச் சொல்லுவது தூக்கத்தில். நோயாளி, அவளிடம் போய்க் கோபப்படலாமா என்பார்கள். படலாம். நானும் அவள் பெற்ற பிள்ளைதானே.

கோபத்தில் ஒரு நாள் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன்படி மகனும் மகளும், வயது வந்த பேரனும் பேத்தியும் பொறுப்பு. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். வக்கீல் வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்துகொண்டு அடியோடு கைவிட்டவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாசிக்க வாசிக்கத் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் மனு கொடுக்க வேண்டியது அம்மா. அவளால் முடியாவிட்டால் அவள் அதிகாரம் கொடுத்த ஆள். மகன்கள் மேல் மனுப் போட என் அம்மா ரேகை வைப்பாளா? கட்டை விரலைக் கடித்துத் துப்பினாலும் துப்புவாளே தவிர வைக்க மாட்டாள்.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. யார்மேல் மனுப் போடப்பட்டதோ அந்தப் பிள்ளை, பொறுப்புள்ள மற்றவர்களையும் அதே மனுவில் சேர்க்கச் சொல்லலாம். அதாவது, அம்மா என்மேல் மனுப் போட்டால், நான் அண்ணனையும் தம்பியையும் இழுத்துவிடலாம்! பெற்றவளைப் பார்த்துக்கொள்கிற மகளுக்கு அந்தச் சட்டம் போட்டு வைத்திருக்கிற நாற்காலி எதிர்மனுதாரர் நாற்காலிதான். அதுவும் பணத்தைத்தான் பங்கு பிரிக்கும். ராத்திரி இரண்டு மணிப் புரட்டலை யாருக்கு எத்தனை என்று எந்தத் தீர்ப்பாயமும் பிரித்துக் கொடுக்கப் போவதில்லை.

மருமகனும் மருமகளும் அந்தச் சட்டத்தின் பிள்ளைக் கணக்கில் வருவதில்லை. என் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டு முடிந்து வந்து, துணியின் மறுமுனையைப் பிடிக்கிறார். பொறுப்பே இல்லாத அந்த மனிதன் பிடிக்கிறார். கட்டிலை அம்மாவுக்கு விட்டுவிட்டு வருஷக்கணக்கில் தரையில் படுக்கிறார். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

இனி வீட்டுக் கதை. அப்பா மில்லில் உழைத்துக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் என்று பாராமல், சமபங்கு என்று 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. எங்கள் வீட்டில் அது நாலு பங்கு. அம்மாவை நான் தூக்கி வந்ததும் அந்த வீட்டை வாடகைக்கு விட்டார்கள். வாடகை அண்ணன் கணக்கில் ஏறுகிறது. கேட்டால், "அம்மா செலவுக்குத்தான் சேத்து வைக்கேன்" என்கிறார். செலவு இங்கே நடக்கிறது, சேமிப்பு அங்கே நடக்கிறது. பங்குப் பேச்சை என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தரம் எடுத்தார். "நகை போட்டு, சீர் செஞ்சுதான மாப்ள கட்டிக் குடுத்தோம்" என்று முடித்துவிட்டார்கள். அப்படியானால் அம்மாவைப் பார்ப்பதும் ஆம்பளைப் பிள்ளைகள் வேலைதானே என்றால், "பொம்பளப் பிள்ள பாக்க மாதிரி வருமா?" என்கிறார்கள். வீட்டைப் பிரிக்கையில் நான் அடுத்த வீட்டுக்காரி. பீயை அள்ளுகையில் பெற்ற மகள்.

இதற்கு மேல் பெரியம்மா ஒருத்தி தெருவில் சொல்லித் திரிகிறாள், வீட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் அவள் ஆத்தாளை வைத்திருக்கிறாள் என்று. ஆசைப்பட்டால் என்ன தப்பு? என் பங்குதானே அது?

பார்த்துவந்த வேலையையும் விட்டேன். தனியார் பள்ளியில் டீச்சர். இருந்த லீவெல்லாம் தீர்ந்தது, அதோடு வேலையும் தீர்ந்தது. மத்திய அரசில் பெண் ஊழியருக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் விடுப்பு உண்டு. நல்ல காரியம். பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அப்படித் தனியாக ஒரு விடுப்பு அங்கேயே இல்லை. அப்புறம் தனியார் பள்ளியில் எங்கே இருக்கும்? 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் மற்றவர்களைப் பராமரிக்கிற பெண்கள் ஒரு நாளைக்கு 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுவதாக வந்திருக்கிறது. படித்ததும் சிரிப்புதான் வந்தது. என்னுடைய 140 நிமிடம் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். சரி, அந்த 74 நிமிடத்தைச் செலவழிக்கிற ஆண்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? எங்கள் வீட்டுக்கு ஒருவரை அனுப்பிவையுங்கள்.

"நர்ஸ் போடலாமே" என்கிறார்கள். விசாரித்தேன். வீட்டோடு தங்கிப் பார்க்கிற ஆளுக்கு மாதம் என்ன கேட்கிறார்கள் என்று குரூப்பில் எழுதினேன். வளைகாப்பு வீடியோவுக்கு வரிசையாக இதயம் போட்டவர்கள், அன்றைக்கு ஒரு எழுத்துப் போடவில்லை. சரி, நோயாளிகளைப் பார்க்கிற இல்லம் ஒன்றில் கொஞ்ச நாள் சேர்க்கலாமா என்றதும் அண்ணனுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது. "நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாது." எந்தப் பழக்கம் இருக்கிறது? எங்கள் பக்கம் முன்பெல்லாம் வயசான ஆத்தாளை மகன்கள் மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பார்ப்பார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலையவிடுகிறார்களே என்று அதைக் கேலி பேசினோம். ஆனால் அதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு மாதம் இருந்தது. இப்போது பன்னிரண்டு மாதமும் என்னுடையது, குடும்ப மானம் அவர்களுடையது.

அக்கம்பக்கத்தில் யாராவது அண்ணனிடம் விசாரித்தால் அவர் சொல்கிற பதிலும் எனக்குத் தெரியும். "அதான் மக இருக்காளே!" என்கிறாராம். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளையும் பார்த்து, "ஒத்தாசைக்குப் பொட்டப் பிள்ள இருக்கே" என்று தெருவில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டுக்குப் போகிற நாளெல்லாம் இரண்டு மணிக்கு நான் எழுப்புவது என் மகனைத்தான். துணியின் மறுமுனையை அவன் பிடிக்கட்டும். முதல் நாள் முனகினான். இப்போது தானாக எழுந்து வருகிறான்.

எனக்குப் பாராட்டு வேண்டாம். மகளிர் தினத்துக்கு எனக்கு அனுப்புகிற பூங்கொத்துப் படமும் வேண்டாம். வருகிற தைக்குள் முறை வைத்தாக வேண்டும். வருஷத்தில் நாலு மாதம் அண்ணன் வீட்டில், நாலு மாதம் என் வீட்டில். சென்னைக்குக் கொண்டுபோவது கஷ்டம் என்றால், அண்ணனும் மதினியும் இங்கே வந்து அப்பா வீட்டைத் திறந்து, அம்மாவை வைத்துப் பார்க்கட்டும். தம்பியால் வர முடியாது, தெரியும். அவனுடைய நாலு மாதத்துக்கு ஆள் போடுகிற முழுச் செலவும் அவனுடையது. வாடகை அடுத்த மாதத்திலிருந்து அம்மா பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். முடியாது என்றால், மனு இல்லாமல் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்பதையும் அதே ஐந்தாம் பிரிவில் படித்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கோட்டாட்சியருக்கு எழுதுவேன். குடும்பம் சந்தி சிரிக்கும் என்று பயங்காட்ட வேண்டாம். சிரிக்கட்டும்.

இதை வாசிக்கிற அண்ணன்மாரே, தம்பிமாரே, உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். அடுத்த தடவை போன் போடும்போது "அம்மா எப்படி இருக்கா" என்று அவளிடம் கேட்காதீர்கள். எந்தத் தேதியில் வருகிறீர்கள், எத்தனை நாள் இருந்து பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள்.