உயிருள்ள செல்லை ஈரத்தோடு காண: ஒரு கோரிக்கைச் சாசனம்

திருவனந்தபுரம் ஆய்வுக்கூடங்களில் செல்லோடும் புரதத்தோடும் வேலை செய்யும் மாணவர்கள், ஆய்வாளர்கள், டெக்னீஷியன்கள் சார்பில், நிறுவன இயக்குநர்களுக்கும் நிதி வழங்கும் ஒன்றிய அறிவியல் துறைகளுக்கும்:

இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய சாதனங்களில் ஓயாமல் எழும் கேள்வி, ரத்தத் தட்டணுக்கள் அவற்றின் பரப்பில் எப்படி ஒட்டுகின்றன என்பது. வழக்கமான எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தட்டணுவை உலர்த்தி வெற்றிடத்தில் வைக்கவேண்டும். 1986இல் பின்னிக், க்வேட், கெர்பர் உருவாக்கிய அணுவிசை நுண்ணோக்கிக்கு அது வேண்டாம். கேன்டிலீவர் என்ற நுண்ணிய வளைதண்டின் நுனி பரப்பைத் தடவிச் செல்ல, தண்டு வளைவதை லேசர் அளக்கிறது. சாம்பிள் பஃபர் கரைசலிலேயே கிடக்கலாம்.

எனவே உயிரியலுக்கென்று தனிக் கருவி கேட்கிறோம், திரவக் கலமும் 37 டிகிரி வெப்பக் கட்டுப்பாடும் சேர்த்து. பொதுக் கருவிக்கான வரிசையில் உலோகப் படலங்கள் காத்து நிற்கும், உயிருள்ள செல் நிற்காது.

அறை தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் தள்ளி இருக்கட்டும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் காற்றின் ஈரம் நுனிக்கும் சாம்பிளுக்கும் நடுவே நீர்ப்படலமாகி நுனியைப் பிடித்திழுக்கும். காற்றில் படமெடுப்பவர்களுக்கு ஈரப்பதக் கட்டுப்பாடு வேண்டும். ஏ.சி. மட்டும் போதாது, அதன் காற்றே கேன்டிலீவரை ஆட்டும்.

கேன்டிலீவர் நுனி, அதாவது டிப், வாங்க ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு தேவை. டிஎன்ஏ இழையின் விட்டம் 2 நானோமீட்டர்; மழுங்கிய டிப்பில் அது பல மடங்கு அகலமாகத் தெரியும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கருவியை இயக்குபவரின் பணியிடமும் நிரந்தரமாக வேண்டும். ப்ராஜெக்ட் முடிந்ததும் அவரோடு கைப்பழக்கமும் போய்விடுகிறது.

ஒரு கோரிக்கை எங்களுக்கே. செல்லின் விறைப்பை எண்ணாக வெளியிடுபவர், கேன்டிலீவரின் விசை மாறிலி, டிப்பின் வடிவம், அழுத்திய விசை, வேகம் அனைத்தையும் மூலத் தரவோடு தரவேண்டும். இவை மாறினால் விடையும் மாறும். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

ஜப்பானின் கனசாவாவில் தோஷியோ ஆண்டோ குழு, மையோசின் புரதம் ஆக்டின் இழைமீது அடிவைத்து நடப்பதை அதிவேக அணுவிசை நுண்ணோக்கியால் எடுத்து 2010இல் படமாக வெளியிட்டது. அத்தகைய அதிவேகக் கருவி இந்நகருக்கு ஒன்று போதும். ஸ்ரீ சித்திரை, ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், பாப்பனங்கோடு நிஸ்ட், விதுரா ஐசர் ஆகிய நான்கு நிறுவனங்களும் அதைப் பங்கிடட்டும். முன்பதிவு, ஆய்வுக்கருவிகளைப் பகிர்வதற்கான ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நடக்கட்டும். விதுராவிலிருந்து செல்லைச் சுமந்து வரும் மாணவருக்காக, அக்கருவியின் அறையை ஒட்டியே ஓர் இன்குபேட்டரும் இருக்கவேண்டும்.