மருத்துவத்தில் நம் பங்கு

'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் என்பன அவை. அங்கு நோயுற்றவனே முதலில் நிற்கிறான். மருத்துவன் அவனுக்குப் பின்னரே வருகிறான். வகுப்பறையில் இக்குறளை நாம் பலமுறை நடத்தியிருக்கிறோம். தேர்வில் விளக்கமும் எழுதி வாங்கியிருக்கிறோம். ஆயினும் இல்லம் திரும்பியதும், நோயின் பாரம் முழுவதையும் மருத்துவர் தோளில் ஏற்றிவிட்டு, மாதம் ஒருமுறை அவர் முன் கையை நீட்டுவதோடு நம் கடமை முடிந்ததாக இருந்துவிடுகிறோம்.

இரத்த அழுத்த நோயில் இப்போக்கு பெருங்கேடு விளைப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் இரத்த அழுத்தமும், 11 பேருக்கு மேல் நீரிழிவும் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்நோயோ பெரும்பாலும் வலி தருவதில்லை. தலைசுற்றல் இல்லை, ஆகவே பிரஷரும் இல்லை என்று நம் பெரியவர்கள் வாதிடுவது இதனால்தான்.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மருத்துவமனையில் ஒருநாள் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்லக் கேட்டவர், அத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். அது மாத்திரையால் வந்த சரி என்பதை எவரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, சுப்ஹு தொழுகைக்கு எழுந்தவர் பக்கவாதத்தால் சாய்ந்தார். இனிமையாகக் குர்ஆன் ஓதிய அந்த நா, அதன்பின் பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லவும் திணறியது. வளைகுடாவிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய அழுத்தமானி, உறை பிரிக்கப்படாமல் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. அதனைக் கண்ட நாள்முதல், கருவி வாங்கித் தருவது வேறு, பேணுவது வேறு என்னும் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

நுரையீரல் வழியாகக் குருதி செல்லும் பாதையை 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அந்நபீஸ் எழுதிவைத்தார் என்று மீலாது மேடைகளில் பெருமிதம் கொள்கிறோம். பெருமைக்குரிய செய்தியே அது. ஆனால், உம்முடைய வாப்பாவின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று அம்மேடையில் பேசும் மாணவரைக் கேட்டால் விடை வருமா?

மருத்துவமனையில் எடுக்கும் ஓர் அளவு அந்த ஒரு நிமிடத்திற்கே சாட்சி. நெடுநேர வரிசையும் வெள்ளை அங்கியைக் கண்ட படபடப்பும் சிலருக்கு அழுத்தத்தை உயர்த்திக் காட்டும். வேறு சிலருக்கோ அங்கே இயல்பாகத் தோன்றி, வீட்டில் உயர்ந்திருக்கும். இவர்களே அதிகம் அஞ்சத்தக்கவர்கள். மருத்துவமனையில் 140/90 என்பதை உயர்வின் எல்லையாகக் கொள்வோர், வீட்டு அளவின் சராசரிக்கு 135/85 என்பதை எல்லையாகக் கொள்கின்றனர்.

அளக்கும் முறையில்தான் நாம் பெரிதும் தவறுகிறோம். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பத்தக்கது. பட்டை கையின் சுற்றளவுக்குச் சிறியதாயின் அளவு பொய்யாக உயரும். தேநீர், புகை, உடலுழைப்பு ஆகியவற்றுக்குப் பின் அரைமணி நேரமேனும் கழிய வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு அமரலாகாது. நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் மேசைமீது வைத்து அளக்க வேண்டும். அப்போது பேசலாகாது, பேரனை அதட்டுவதும் பேச்சே! காலையில் மாத்திரைக்கு முன்னும், மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, அத்தனை எண்களையும் எழுத வேண்டும். இவ்வாறு ஏழு நாட்கள் எடுத்து, முதல் நாளை நீக்கிச் சராசரி காண்பது வழக்கம். பிடித்த எண்ணை மட்டும் எழுதுவது மருத்துவரை ஏமாற்றுவதன்று, தன்னையே ஏமாற்றுவது.

எண்ணைப் பார்த்துத் தாமே மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வீட்டு அளவீட்டின் நோக்கமன்று. குறிப்பேடு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவரும் அதனைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளிகள் தாமே எடுத்த அளவுகளைக் கொண்டு மருத்துவர் மருந்தைத் திருத்தியபோது, ஓராண்டில் அழுத்தம் மற்றையோரைவிடக் கூடுதலாகக் குறைந்தது. குறிப்பேட்டை ஒருபுறம் தள்ளிவைக்கும் மருத்துவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்களிடம் பணிவோடு மீண்டும் நீட்டுவதே வழி. 180/120ஐத் தாண்டிய அளவோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் குறிப்பேட்டைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ரமலான் மாதம் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். நோன்பு என்றதும் மாத்திரையை நிறுத்துவோர் நம்மில் பலர். சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் ஏற்ப மருந்தின் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சில வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கலந்தால் பெரும்பாலோர்க்கு வழி பிறக்கும். நீரிழிவு உள்ளோர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விடுமாறு மருத்துவ நெறிகள் கூறுகின்றன. நோயாளிக்குச் சலுகை அளித்தவன் இறைவனே. அதனை மறுத்து உடலை வருத்துவதைப் பேணுதல் என்று கருதுவதில் நமக்கு உடன்பாடில்லை. உடல் அமானிதம் அன்றோ?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடுதோறும் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தந்தனர். வாசலுக்கு வந்தவரை, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று திருப்பியனுப்பிய வீடுகளும் நம் தெருக்களில் உண்டு. ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. கருவி வாங்க இயலாதோர்க்காகப் பள்ளிவாசல் அலுவலகத்தில் மேற்கைக் கருவி ஒன்றும், சிறிதும் பெரிதுமாக இரு பட்டைகளும் இருக்கட்டும். பள்ளிக்கு வராத பெண்களின் இல்லங்களுக்கு அதனை எடுத்துச் செல்ல நம் கல்லூரி மாணவியர் முன்வரலாம். வள்ளுவர் நான்காவதாக வைத்த, அருகிலிருந்து பேணும் இடம் அவர்களுக்கும் உரியதே. ஜும்ஆ முடிந்தபின் அரைமணி நேரம் மாணவர் இருவர் அங்கே அமர்ந்து, வரும் பெரியவர்களை முதலில் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் செய்யட்டும். அதுதான் கடினமான பணி.