பொன்னாடையும் புகையிரதமும்

பாராட்டு விழா எடுப்பதில் நம் நாட்டவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். மந்திரி ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் வாழையும் தோரணமும் எழுகின்றன; மாலைகள் குவிகின்றன; பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. ஆனால், அந்த மந்திரியின் கூட்டத்துக்கு வந்த மக்களை ஏற்றிவந்த வண்டியின் சாரதியை எவரும் கவனிப்பதில்லை. ஆயிரம் உயிர்களைத் தன் கைப்பிடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கண்விழித்து, விடியற்காலையில் அவர்களைப் பத்திரமாக ஊர் சேர்த்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த கைகளுடன் இறங்கிப் போகும் அந்த மனிதனின் பெயரைக் கேட்டறிய வேண்டுமென்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை.

இது நன்றி கெட்ட தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பொதுப் போக்குவரத்தின் இயல்பே அப்படிப்பட்டது. வண்டி பிந்தினால் ஏசுகிறோம், கவிழ்ந்தால் கலங்குகிறோம், நேரத்துக்கு வந்துவிட்டாலோ அதனை நினைப்பதே இல்லை. குறைவின்றி நடக்கும்வரை எவர் கண்ணுக்கும் படாத தொண்டு அது. ஆகவேதான் அத்துறையிற் சிறந்த சேவையையும் சிறந்த தலைமையையும் இனங்கண்டு போற்றுவதற்குத் தனி முயற்சி வேண்டியிருக்கிறது. யாரைப் போற்றுவது? எதற்காகப் போற்றுவது? எவ்வாறு போற்றுவது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேட நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. நம் நாட்டின் புகையிரத வரலாற்றிலேயே அவ்விடை இருக்கிறது.

1949 ஆம் ஆண்டில் இலங்கைப் புகையிரதப் பகுதியின் பிரதம இயந்திரப் பொறியியலாளர் பதவிக்கு முதன்முதலாக இந்நாட்டவர் ஒருவர் வந்தார். அவர்தாம் பி. டி. ரம்பாலா. 1955 இல் அப்பகுதியின் பொது முகாமையாளராகவும் உயர்ந்து, 1970 வரை அப்பொறுப்பைச் சுமந்தார். அவர் சிங்களப் பெருமகன். அதனால் என்ன? திறமையைத் திறமையென்று சொல்வதற்கு இனம் குறுக்கே நிற்கலாகாது. நம்மவர் திறமையைப் பிறர் மதிக்கவில்லையென்று முறையிடும் நாம், பிறர் திறமையை மதிக்கத் தவறினால் நம் முறையீட்டுக்கு மதிப்பேது?

அவர் செய்தது என்ன? நீராவி இயந்திரங்களை நம்பியிருந்த பாதைகளை டீசல் யுகத்துக்குக் கொண்டுவந்தார். இதை ஒரு வரியிற் சொல்லிவிடலாம்; செய்வது எளிதன்று. நீராவி இயந்திரம் புறப்படுவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்னரே அதன் அடுப்பை மூட்டவேண்டும். வழி நெடுகத் தண்ணீரும் நிலக்கரியும் காத்திருக்கவேண்டும். டீசல் இயந்திரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால், ஒரு தலைமுறை முழுவதும் கொதிகலனையும் குழாயையும் பழகிய கைகள் அதற்காகப் புதிதாக ஒரு தொழிலைக் கற்கவேண்டியிருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா நமக்கு டீசல் இயந்திரங்களை வழங்கியது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவை தாங்கி வந்தன. இனாமாக வந்த இயந்திரம் பழுதாகி மூலையில் துருப்பிடிப்பதை நாம் எத்தனையோ துறைகளிற் பார்த்திருக்கிறோம். இந்த இயந்திரங்களுக்கு அக்கதி நேரவில்லை. 1950 களில் வந்த அந்த மனிற்றோபாதான் 2004 டிசம்பர் 26 இல் பெரலியவில் ஆழிப்பேரலையில் அகப்பட்ட புகையிரதத்தை இழுத்துச் சென்ற இயந்திரம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அத்துயரத்தின் பின்னும் அதனைத் திருத்தி மீண்டும் ஓடச் செய்தார்கள் நம் தொழிலாளர்கள். இயந்திரத்தைப் பேணும் அறிவு ஒரு மனிதரோடு வந்து அவரோடு போய்விடாமல் பட்டறையில் வேரூன்றியதென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தான் விலகிய பின்னரும் வேலை நடக்கும்படி செய்து வைப்பதே தலைமை.

1956 இல் இலண்டனிலிருந்த இயந்திரப் பொறியியலாளர் கழகமொன்று ரம்பாலாவை ஆசியாவின் மிகச் சிறந்த டீசல் பொறியியலாளர்களுள் ஒருவராக மதித்தது. இப்பாராட்டைக் கட்சிக்காரர் வழங்கவில்லை. காரியம் ஆகவேண்டியவர் வழங்கவில்லை. அதே தொழிலைச் செய்து அதன் அருமையறிந்தவர் வழங்கினர். தொழிலறிந்தார் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஆயிரம் பொன்னாடை ஈடாகாது.

அவர் காலத்திலேயே தெற்குக்கு ருகுணு குமாரியும், மலைநாட்டுக்கு உடரட்ட மெனிக்கேயும், வடக்குக்கு யாழ்தேவியும் ஓடத் தொடங்கின. யாழ்தேவி முதன்முதலாகப் புறப்பட்டது 1956 ஏப்ரில் 23 இல். அந்த ஆண்டைத் தமிழர் எவரும் மறக்கமாட்டார். ஏப்ரில் 12 இல் பண்டாரநாயக்கா பிரதமரானார். ஜூன் 5 இல் சிங்களம் மட்டும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்றே காலிமுகத் திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரு மனிதர் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் விரைவு வண்டியால் இணைத்தார். பாராளுமன்றமோ ஒரு சட்டத்தால் அவற்றைப் பிரித்தது. இவ்விரு செயல்களில் எது நாட்டுக்குச் செய்த சேவை என்பதைக் காலம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

தலைவர் ஒருவர் தனியே நின்று வண்டி ஓட்டிவிட முடியாது. வடபகுதிப் பாதை ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் வந்துவிடாமற் காக்க, அந்நாளில் ‘டேப்லட்’ என்ற வில்லை முறை இருந்தது. அந்த வில்லை கையிற் கிடைத்தாலன்றிச் சாரதி அடுத்த நிலையம் நோக்கி வண்டியை எடுக்கக்கூடாது. ஒரு நிலையத்து அதிபர் தாமாக அதனை எடுத்துக் கொடுத்துவிடவும் முடியாது. அடுத்த நிலையத்திலிருக்கும் அதிபரும் இசைந்து தம் பக்கத்துக் கருவியை இயக்கினால்தான் வில்லை வெளியே வரும். இங்கே இருந்தவர் தமிழராகவும் அங்கே இருந்தவர் சிங்களவராகவும் இருந்த நாட்கள் எத்தனையோ. ஒருவர் மற்றவரை நம்பினார், வண்டி ஓடியது. நாட்டின் அரசியல் கற்றுக்கொள்ளாத பாடத்தைப் புகையிரத நிலையத்து மேசை நாள்தோறும் நடத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பணியிலே தமிழர்க்கிருந்த பங்கு சிறிதன்று. நிலைய அதிபர்களாக, எழுதுவினைஞர்களாக, பொறியியலாளர்களாக நாட்டின் நாற்றிசையிலும் அவர்கள் கடமை புரிந்தனர். மொழிச் சட்டம் வந்தபின் அரச சேவையிலிருந்த தமிழரிடம், ‘வேலை தெரியுமா?’ என்ற கேள்வியின் இடத்தில் ‘சிங்களம் தெரியுமா?’ என்ற கேள்வி கேட்கப்பட்டது. பலர் மனமுடைந்து ஓய்வு பெற்றனர். பல்லாண்டு அனுபவத்தை ஒரு பரீட்சைத் தாளுக்குப் பலியிட்ட நாடு, இழந்தது தமிழர் சிலரை மட்டுமன்று. தன் சொந்த இயக்கத்தையே.

பின் நேர்ந்தவை நாம் அறியாதவையல்ல. 1958 மே மாதத்திற் பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில், தமிழர் வருகின்றனர் என்ற எண்ணத்தில் வண்டி தாக்கப்பட்டது. 1985 ஜனவரி 19 இல் முறிகண்டிக்கருகே யாழ்தேவி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படையினரோடு பொதுமக்களும் மாண்டனர். எந்தக் கை செய்திருந்தாலும் பயணிகளின் வண்டியைத் தாக்குவது பழிக்குரிய செயலே. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. நிலையத்தில் மரம் முளைத்தது. வண்டியின் கூவலைக் கேட்டறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது.

அந்த இருண்ட காலத்திலும் போக்குவரத்து அடியோடு நின்றுவிடவில்லை. பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓட்டினார்கள் யாழ்ப்பாணத்துச் சாரதிகள். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் இரும்பைத் தட்டி உதிரிப்பாகம் செய்தார்கள் கராச்சுத் தொழிலாளர்கள். பிள்ளைத்தாய்ச்சிகளையும் நோயாளிகளையும் குண்டு விழும் தெருக்களினூடே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்கள். அவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. அவர்களுக்கு எந்த விருதும் கிடைக்கவில்லை. அவர்களைவிடச் சிறந்த பொதுப் போக்குவரத்துத் தொண்டர் எந்த நாட்டிலும் இருந்தாரா என்று கேட்கிறோம்.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியோடு வடபாதை மீண்டும் எழுந்தது. 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. வரவேற்பில் மேளம் முழங்கிற்று. ஆனால், அந்தப் பாதையைக் கடக்கும் தெருக்களிலே படலை காக்க நிறுத்தப்பட்டவர்களின் நிலையைப் பாருங்கள். பொலிஸ் பகுதியின் மேற்பார்வையில், நாளொன்றுக்கு 250 ரூபா என்ற அற்பக் கொடுப்பனவுக்கு அவர்கள் ஆண்டுக்கணக்கிற் கடமை புரிந்தனர். வெயிலிலும் மழையிலும் நின்றனர். நிரந்தர நியமனம் கேட்டுப் பலமுறை போராடினர். ஒரு கணம் அவர் கண்ணயர்ந்தால் எத்தனை உயிர் போகும்! அவ்வளவு உயிர்களின் காவலுக்கு நாடு வைத்த விலை 250 ரூபா. இதை வைத்துக்கொண்டு மேடையில் விருது வழங்குவது வேடிக்கையல்லவா?

தெருவிலே நடப்பது வேறொரு துயரம். 1958 ஜனவரி 1 இல் பஸ் சேவை தேசிய மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலாபம் கிடைக்காத கிராமத்துக்கும் வண்டி போகவேண்டும் என்பதே அதன் தத்துவம். பிற்காலத்தில் தனியாரும் அனுமதிக்கப்பட்டனர். அன்றைய வசூலே அன்றைய கூலியென்ற நிலையில் ஒரு பஸ்ஸை இன்னொரு பஸ் முந்துவது தொழிலாகிவிட்டது. 2005 ஏப்ரிலிற் பொல்கஹவெலைக்கருகே யங்கல்மோதரையில், மற்றொரு பஸ்ஸோடு போட்டியிட்டு மூடிய கடவையைத் தாண்ட முயன்ற பஸ்ஸைப் புகையிரதம் மோதியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாரதி குற்றவாளிதான். ஆனால் வேகத்துக்குக் கூலி கொடுத்து, நிதானத்தைப் பட்டினி போடும் முறை குற்றமற்றதா? எதற்கு நாம் ஊதியம் கொடுக்கிறோமோ அதையே நாம் பாராட்டுகிறோம் என்பதுதான் பொருள்.

ஆகவே எமது கருத்து இது. சிறந்த சேவையைப் போற்றுவதென்றால், முதலாவதாக, புகையிரதப் பகுதிக்கும் போக்குவரத்துச் சபைக்கும் தலைமை தாங்கத் தொழிலறிந்தவரை நியமியுங்கள். தேர்தலில் தோற்றவர்க்கு ஆறுதற் பரிசாக அப்பதவிகளை வழங்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். ரம்பாலாவுக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தன. மந்திரிசபை மாறுந்தோறும் தலைவரை மாற்றினால் எந்த மேதையாலும் எதையும் செய்துவிட முடியாது.

இரண்டாவதாக, பாராட்டுக்கு அளவுகோல் வேண்டும். வண்டி நேரத்துக்கு வந்ததா? விபத்தின்றி எத்தனை ஆண்டு ஓட்டினார்? முதியவரும் ஊனமுற்றவரும் ஏறும்வரை பொறுத்து நின்றாரா? பெண்கள் அச்சமின்றிப் பயணஞ் செய்ய வழி செய்தாரா? பயணியின் மொழியில் அவருக்கு விடை கிடைத்ததா? 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அச்சட்டம் உண்மையில் உயிரோடிருக்கிறதா என்பதைக் கொழும்பு கோட்டை நிலையத்தில் விசாரித்து நிற்கும் ஒரு வன்னிக் கிழவியிடம் கேளுங்கள். இவற்றை அளந்து தீர்ப்புச் சொல்பவர் மந்திரியாக இருக்கவேண்டாம். தொழிலறிந்தவரும் பயணியுமே இருக்கட்டும்.

மூன்றாவதாக, படலை காப்பவருக்கும் பாதை செப்பனிடுபவருக்கும் மனிதர் வாழத்தக்க சம்பளமும் நிரந்தரமான வேலையும் கொடுங்கள். வயிறு காயும் தொழிலாளிக்கு நற்சான்றுப் பத்திரம் வழங்குவது அவரை ஏளனஞ் செய்வதாகும். போர்க்காலத்தில் வண்டியோட்டிய வடகிழக்குச் சாரதிகளின் நினைவுகளை, அவர்களிற் பலர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். இதற்கு அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. நமது வாசிகசாலைகளும் பாடசாலைகளும் நாளையே தொடங்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டியை விட்டு இறங்கும்போது அதனை ஓட்டி வந்தவரைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். பின்னர், அவருக்குச் சேரவேண்டிய நீதிக்காக உங்கள் பிரதிநிதியிடம் வாய் திறந்து கேளுங்கள். இரண்டு நிலையங்களும் இசைந்தாலன்றி வில்லை வெளியே வராது. மக்களும் அரசாங்கமும் இசையாதவரை, தொண்டு செய்தவர் தெருவோரத்தில் நின்றுகொண்டேயிருப்பார். பொன்னாடை மட்டும் மேடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.