ஆலோசகரா, விற்பனையாளரா?

பட்டம் பெற்ற கையோடு தலைநகரின் பெரிய நிறுவனமொன்றில் சேர்ந்தேன். காலையில் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலை வழியாக அலுவலகத்திற்கு நடப்பேன். கழுத்தில் டை. பெயர் அட்டையில் ‘நிதி ஆலோசகர்’. வீட்டில் எல்லாருக்கும் பெருமை!

நிதி ஆலோசனைத் தொழிலுக்கு, 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ், பேங்க் நெகாராவின் அங்கீகாரம் வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் வெறும் காப்புறுதி முகவர். அடிப்படைச் சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன்.

முதல் நாளே, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். சித்தி, மாமா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, உடன் படித்த நண்பர்கள் என எழுதிக் கொடுத்தேன். அதுதான் என் வாடிக்கையாளர் பட்டியல்.

அதில் எதிர்வீட்டு அக்காவும் ஒருவர். தொழிற்சாலையில் வேலை. மாதம் 250 வெள்ளி கட்டும் முதலீடு சார்ந்த காப்புறுதியை விளக்கினேன். “நீ படிச்ச பிள்ளை தம்பி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று படிக்காமலேயே கையெழுத்திட்டார். இரண்டாம் ஆண்டில் ஓவர்டைம் குறைந்தது. அக்காவால் கட்ட முடியவில்லை. கட்டியதில் சிறு பகுதியே திரும்பக் கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் கணிசமான பகுதி கமிஷனுக்கும் கட்டணங்களுக்கும் போய்விடும் என்ற விவரம் படிவத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்திருந்தேன். சொல்லவில்லை.

நிறுவனத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம்மவரின் சேமிப்பு என்றும் நம்பிக்கையின் பேரில் கைமாறுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளர்கள் நம்பித்தான் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் தோட்டமாக நின்றது. 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸையும் நம்பித்தான் பங்கு வாங்கினார்கள். பலருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. இன்று அதே நம்பிக்கையை நாம் நூறு பெயர்களாக எழுதி மேலாளரிடம் கொடுக்கிறோம்.

அப்படியென்றால் நம் பட்டதாரிகள் இத்துறைக்கே வரக்கூடாதா? வரவேண்டும் என்றே சொல்வேன். ஊழியர் சேம நிதியில் வாரிசுப் பெயரைப் பதிவு செய்யாமல் இறந்தவரின் பணத்திற்காக, அவர் மனைவி பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அலைவதைக் கண்டிருக்கிறேன். பெயரைப் பதிவு செய்யச் செலவே இல்லை. ஆனால், அதில் கமிஷனும் இல்லை. அதனால் எந்த முகவரும் அதைப் பேசுவதில்லை. இதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தேவை.

தம்பி தங்கைகளே, வேலையில் சேருமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் உண்டா? எனக்குக் கிடைக்கப்போவது ஆலோசகர் உரிமமா, முகவர் பதிவா? சேர்ந்த பிறகு, கையெழுத்து வாங்குமுன் ஒன்று செய்யுங்கள்: “இதில் எனக்கு இவ்வளவு கிடைக்கும், பாதியில் நிறுத்தினால் உங்களுக்கு இவ்வளவு நட்டம்” என்று தமிழில் சொல்லுங்கள். விற்பனை குறையலாம். பரவாயில்லை.

அக்கா இன்றும் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறார். அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனம் சற்று இலேசாகியிருக்கும்.