மீனுக்கு வாங்கினியோ, உனக்கு வாங்கினியோ?

போன கோடை முடியேக்க என்ரை தூண்டில் பெட்டியை மேசையில் கொட்டி எண்ணிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே மிதந்து ஓடும் பொய் இரைகள் மட்டும் 23 இருந்தன. இங்கே அதை ‘டொப்வோட்டர்’ என்று சொல்லுவினம். மீன் கடித்த அடையாளம் இருந்தது 4இல்தான். மிச்சம் 19உம் பெயின்ற் கூட உரியாமல் பளபளவென்று கிடந்தன. பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, இதெல்லாம் மீனுக்கு வாங்கினியோ, உனக்கு வாங்கினியோ?”

எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்ப எழுதுகிறேன்.

ஸ்காபுரோவில் இருக்கிற எங்கட பெடியள் கொஞ்சப் பேருக்குக் கோடை என்றால் ஸ்மோல்மவுத் பாஸ்தான். சிம்கோ ஏரிக்கோ கிராண்ட் ஆற்றுக்கோ விடியமுன்னம் காரை எடுத்துவிடுவோம். இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். தெளிந்த தண்ணியும் கல்லுப் பாரும் இருக்கிற இடத்தில் நிற்கும். கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன் என்பதால் ஆழத்தில் நின்றாலும் மேலே ஓடுகிற இரையைக் கண்டு ஏறி வந்து அடிக்கும். ஊரில் தவளை கட்டி விரால் பிடித்தவர்களுக்கு இந்த உணர்வு விளங்கும். சத்தமில்லாமல் கிடந்த தண்ணி திடீரென்று வெடிக்கும். அதைக் கண்ட பிறகு ஒருத்தரும் சும்மா இருக்கமாட்டினம், கடைக்கு ஓடுவினம். நானும் ஓடினேன்.

என்ரை கருத்து இதுதான்: மூன்று இரை போதும். நிறத்தைப் பார்த்து வாங்காதேங்கோ, தண்ணியின்ரை முகத்தைப் பார்த்து வாங்குங்கோ.

காற்றே இல்லாமல் தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடந்தால் பொப்பர். வாய் குழிந்த சின்ன இரை, 6 அல்லது 7 சென்ரிமீற்றர் காணும். மெல்ல ஒரு இழுவை இழுத்தால் ‘பொளக்’ என்று சத்தம் வரும். பிறகு வட்டம் கலையும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இது சரிவராது.

மெல்லிய அலை இருந்தால் சுருட்டு மாதிரி நீண்ட இரை. 1939இல் வந்த சாரா ஸ்பூக் இந்த வகையில் பழசு, இன்றைக்கும் விற்கிறது. தடியின் நுனியைத் தாளத்தோடு தட்டத் தட்ட அது இடமும் வலமுமாக நடக்கும். பழகக் கொஞ்ச நாள் எடுக்கும்.

காற்று, ஓடுகிற ஆறு, மாலை இருட்டு என்றால் வால் சுழலுகிற இரை. எறிந்துவிட்டு ஒரே வேகத்தில் சுற்றினால் அதுவே சத்தம் போட்டுக்கொண்டு வரும். புதிசாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

நிறத்துக்கு என்ன? மீன் பார்ப்பது கீழேயிருந்து. வானத்துக்கு எதிராக அதற்குத் தெரிவது வயிறும் நிழலுருவும்தான். வெளிச்சத்தில் வெள்ளை வயிறு, இருட்டில் கறுப்பு, அவ்வளவும் காணும். முதுகில் வரைந்திருக்கிற செதிலும் புள்ளியும் கடைக்கு வாறவனைப் பிடிக்கத்தான். அந்தக் காசில் நல்ல நூல் வாங்கலாம். புளூரோகாபன் நூல் தண்ணியில் தாழும், மிதக்கிற இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். இதுக்குப் பின்னல் நூல்தான் சரி.

“எங்கட காசு, எங்கட சந்தோஷம், உனக்கென்ன?” என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் பார்க்காமல் விட்டது கொழுக்கியை. இந்த இரைகளில் பெரும்பாலும் மூன்றுமுனைக் கொழுக்கி இரண்டு இருக்கும், மொத்தம் 6 முனை. போன ஆடியில் ஒரு மீனுக்கு முன்கொழுக்கி வாயில் ஏறியது, பின்கொழுக்கி கண்ணில் ஏறியது. கழற்ற நான் பட்ட பாட்டில் அது என்ரை கையிலேயே சோர்ந்துபோனது. தண்ணியில் விட்டேன், பக்கவாட்டில் சரிந்துகொண்டு போனது. பிழைத்திருக்கும் என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

இந்த இனத்தில் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்பது ஆண் மீன். அதனால்தான் தென் ஒன்ராறியோவில் ஜூன் பிற்பகுதிவரை பாஸ் பிடிக்கவிடாமல் காலத்தை மூடி வைக்கிறார்கள். குளிர்த் தண்ணியில் மெதுவாக வளருகிற மீன் அது. சட்டம் அதற்குக் காலம் கொடுக்கிறது. திருப்பி விடப்போகிற மீனுக்கு நாங்கள் 6 முனை கொடுக்கிறோம்.

இப்ப மூன்று இரையிலும் முள்ளில்லாத ஒற்றைக் கொழுக்கி மாட்டியிருக்கிறேன். சில மீன் கழன்று போகுது, உண்மை. ஆனால் தண்ணி வெடித்தவுடனே இழுக்காமல் நூலில் பாரம் தெரியும்வரை பொறுத்தால் கழலுவது குறையுது. கழன்றாலும், அது அடித்த அடியை நான் பார்த்துவிட்டேன்தானே.

சித்தப்பாவுக்குப் பதில்: 19உம் எனக்குத்தான் வாங்கினனான்.