இறங்கும் வழி

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர்களைச் சற்று நின்று கவனித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். முதல் தடவை வருகிறவர் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிடுகிறார். தினமும் துடுப்புப் போடும் பரிசல்காரரோ வெற்றிலையை மென்றபடி வெள்ளத்தை ஏறிட்டும் பாராமல் தள்ளுகிறார். இருவருக்கும் நடுவே, முன்பு இரண்டு மூன்று முறை வந்து போனவர் ஒருவர் இருப்பார். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் சுழல் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதினின்றும் தப்பும் வித்தை மட்டும் தெரியாது. பரிசலின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவர் அவர்தான்.

நம் தமக்கையின் மகள் பனிச்சறுக்கு விஷயத்தில் இந்த நடு வகுப்பைச் சேர்ந்தவள். அவளுக்கும் அவள் கணவருக்கும் பெங்களூரில் உத்தியோகம். இரண்டு குளிர்காலங்களில் பயின்று, மிதமான சரிவில் விழாமல் திரும்பவும் நிற்கவும் கற்றிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பயம் என்பதே கிடையாது; அவளுக்கு உண்டு. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் இருவரும் ஒரே கட்சி. பாட்டு வேண்டும், ஆட்டம் வேண்டும், பத்துப் பேர் கூடிச் சிரிக்கும் கடைத்தெரு வேண்டும். "மாமா, இந்தத் தடவை எங்கே போகலாம்? நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்" என்று சென்ற வாரம் அவள் எழுதியிருந்தாள். தர்மபுரி வெயிலில் காய்கிற வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று நேயர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் அவர்களோடு நாமும் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குப் போயிருந்தோம். சறுக்குவதற்கன்று, கம்பளிக்குள் புகுந்துகொண்டு வேடிக்கை பார்ப்பதற்கு. நீலகிரியில் தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளியே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் கூண்டு வண்டி இரண்டு கட்டங்களாக மேலே செல்கிறது. 1998-ல் ஏற்பட்ட முதற்கட்டம் கொங்டூரி வரையில் போகும். 2005-ல் ஏற்பட்ட இரண்டாங்கட்டம் அபர்வத் மலையின் தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

முதல் மூன்று நாளும் கீழ்ச் சரிவிலேயே ஆனந்தமாகக் கழிந்தன. நான்காம் நாள் மாப்பிள்ளை, "மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார். பார்ப்பதற்கென்று போனவர்கள் சறுக்குக் கட்டைகளையும் தோளில் எடுத்துக்கொண்டு போனார்கள். அதைக் கண்டும் நாம் பேசாதிருந்தோம்; அது நம்முடைய தவறு. மேலே நடந்ததைப் பிற்பாடு மாப்பிள்ளையே சொன்னார். கொங்டூரிக்கு மேல், களம் மெழுகினாற்போல் சமன் செய்த பாதை கிடையாது. விழுந்தது விழுந்தபடி கிடக்கும் ஆழமான பொடிப்பனிதான். பல தேசங்களிலிருந்து வல்லவர்கள் தேடி வருவது அதற்காகவே. அந்த மலையில் 2023 பிப்ரவரியில் பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்து நாட்டவர் மாண்டதும் உண்டு. நம் பெண் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். "நான் இருக்கிறேன், வா" என்றார் கணவர். அவள் அசையவில்லை. அவர் இறங்கிவிட்டார். அவள் கட்டைகளைக் கழற்றிக்கொண்டு, கூண்டு வண்டியிலேயே தனியாகத் திரும்பி வந்தாள்.

அன்றிரவு அறையில் புகாரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே போகலாமென்றால் குல்மார்க்கில் இரவில் போவதற்கு இடமில்லை. ஹோட்டலில் குங்குமப்பூ மணக்கும் கஹ்வா கிடைக்கும். அதைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அவள் கட்டையைத் தொடவில்லை. இந்தத் தடவையும் அப்படி நேர்ந்தால் அவள் அதோடு விட்டுவிடுவாள். மாப்பிள்ளை தம் நண்பர்களோடு தனியே போகத் தொடங்குவார். ஆகவே அவள் கேட்டிருப்பது சாதாரண உல்லாசப் பிரயாண விஷயம் அன்று.

தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தியைப் படிக்காத தர்மபுரிக்காரர் இருக்க முடியாது. மூச்சிரைத்துக்கொண்டு ஏறுகிற லாரிக்கா ஆபத்து? டீசல் மிச்சமாகட்டும் என்று கியரை நழுவவிட்டு இறங்குகிற லாரிக்குத்தான். சறுக்கும் அப்படியே. ஏற்றிவிட யந்திரம் இருக்கிறது. இறக்கம் மட்டுமே நம் பாடு. கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்புறத்தை அகல விரித்து, கொழுமுனை போலாக்கி உள்விளிம்பால் பனியைச் சுரண்டினால் வேகம் அடங்கும். இது முதற்பாடம். சரிவு செங்குத்தானால் இந்த விரிப்புத் தாங்காது. குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பித் திரும்பி இறங்க வேண்டும். இங்கேதான் பயம் தன் வேலையைக் காட்டுகிறது. பயந்தவர் தம்மை அறியாமல் மலைப்பக்கமாகப் பின்னால் சாய்கிறார். பாரம் பின்னுக்குப் போனதும் கட்டையின் முன்பாகம் பனியைப் பற்றுவதில்லை, திருப்பினால் திரும்புவதில்லை, ஓட்டம் இன்னும் அதிகமாகிறது. ஓட்டம் அதிகமாக, பயமும் அதிகமாகிறது. இப்படிப்பட்டவரிடம் "துணிந்து வா" என்று சொல்வது கணக்கில் தோற்ற பையனை இன்னும் கடினமான கணக்குப் போடச் சொல்வதற்குச் சமானம்.

ஆஸ்திரியாவில் ஸாங்க்ட் அன்டன் என்னும் மலையூரில் 1907 முதல் சறுக்குக் கற்பித்த ஹானஸ் ஷ்னைடர் இதை நன்றாக அறிந்தவர். கொழுமுனையில் ஆரம்பித்து, படிப்படியாகக் கட்டைகளைச் சேர்த்துத் திரும்பும் வரையில் பாடங்களை வகுத்தார். மாணாக்கரைத் தேர்ச்சிக்குத் தக்கபடி வகுப்புகளாகப் பிரித்தார். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அவரிடத்தில் நமக்குத் தனி அபிமானம். 1938-ல் நாஜிகள் அவரைச் சிறையிலிட்டார்கள். மறு வருஷம் அமெரிக்கா சென்று அங்கே கற்பிக்கலானார்.

ஸாங்க்ட் அன்டனுக்கே போனால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். இராக் கேளிக்கைக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் சரிவுகள் செங்குத்தானவை. கேளிக்கை நடக்கும் கடைகளில் சில சரிவின் மேலேயே இருக்கின்றன. குடித்து ஆடிவிட்டு இருட்டில் ஊருக்குச் சறுக்கி இறங்க வேண்டும். மது உடம்பைச் சூடாக்கும் என்பது வெறும் பிரமை. தோலருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுவதுதான் அதன் காரியம். ஆஸ்திரியாதான் என்றால் ஸால்பாக் மேல்: 1991-லும் 2025-லும் உலகப் பந்தயம் நடந்த இடமானாலும், ஐரோப்பிய வழக்கப்படி எளிதென்று நீலக் குறியும் நடுத்தரமென்று சிவப்புக் குறியும் இட்ட பாதைகள் அங்கே ஏராளம், சாயங்காலக் கலகலப்புக்கும் குறைவில்லை. செலவு ஒன்றே தடை. வீட்டுக் கடன் கட்டுகிற தம்பதிகளுக்கு அதை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை.

நம் நாட்டிலேயே ஔலி இருக்கிறது. நல்ல சரிவு, எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. ஆனால் 2023 ஜனவரியில் அடிவாரத்து ஜோஷிமட நகரில் நிலம் அமிழ்ந்து வீடுகள் வெடிப்புக் கண்டபோது, அங்கிருந்து மேலே செல்லும் கம்பிவட வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மாலை ஆறு மணிக்குமேல் ஔலியில் மலையும் நட்சத்திரமும்தான் துணை. நமக்கு அது போதும், அவர்களுக்குப் போதாது.

ஆகவே நாம் சொன்ன ஊர் மணாலி. தங்குவது மணாலியில், சறுக்குவது பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸோலாங் பள்ளத்தாக்கில். மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். குல்மார்க்கைவிட 600 மீட்டர் தாழ்வு, ஆகையால் மூச்சுத் திணறாமல் தூக்கம் வரும். மால் ரோடில் இரவு வரையில் ஜனநடமாட்டம். பழைய மணாலியில் பாட்டுக் கச்சேரியோடு காப்பிக் கடைகள். ஸோலாங்கின் சரிவு சிறியது என்று வல்லவர்கள் குறை சொல்வார்கள். நம் பெண்ணுக்கு அதுவே விசேஷம்.

குறையும் இருக்கிறது. வாடகைக் கம்பளி அங்கியும் பூட்ஸும் அணிந்த உல்லாசப் பிரயாணிகள் அங்கே திருவிழாக் கூட்டம்போல் வந்து சேர்கிறார்கள். பனிமேல் ஓடும் மோட்டார் சைக்கிளும் காற்றடைத்த ரப்பர் வளையமும் குறுக்கே வரும். நிற்கத் தெரிந்தவளுக்கும், நிற்கத் தெரியாத ஒருவர் மேலே வந்து விழுந்தால் கால் முறியத்தான் செய்யும். எனவே கூட்டம் சேருமுன் காலையிலேயே போய், உச்சிப்பொழுதில் திரும்பிவிட வேண்டும். இரவு வெகுநேரம் ஆடினால் காலையில் எழ முடியாது. இதில் எதை எந்த நாளில் விடுவது என்பதை அவர்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும். பனி கனத்தால் வழியில் மோட்டார்கள் நின்றுவிடுவதும் உண்டு. ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. 2024 ஜனவரியில் இமயச் சாரலில் பனியே இல்லாமல் வந்தவர்கள் புல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆதலால் பிப்ரவரி என்று எழுதினோம்.

மாப்பிள்ளைக்குத் தனியாக இரண்டு வரி எழுதினோம். முதல் இரண்டு நாளும் எந்தச் சரிவு என்பதை அவள் சொல்லட்டும். ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொள்ளுங்கள், நீங்களே கற்றுக்கொடுக்க வேண்டாம். அவள் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள். முன்னே ஓடி நின்று கைகாட்டிக் கூப்பிடுகிறவரைப் பார்த்தால் யாருக்கும் கால் வராது.

மூன்று நாள் பதிலில்லை. நான்காம் நாள் டெலிபோனில் கூப்பிட்டார். "சரிதான் மாமா. ஆனால் கடைசி நாள் ஒரே ஒரு தடவை கொஞ்சம் மேலே..." என்று இழுத்தார். பக்கத்திலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டார்களாம். நம்மையும் கூப்பிட்டார்கள். நமக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பையன்கள் இருக்கிறார்கள்.